வீட்டுக்குப் பக்கத்தில் டொர்னாடோ: ஸ்பாட்டர் பயிற்சி, புயல் துரத்தல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டாலஸ் வட்டாரத்தில், பிளேனோ, ஃபிரிஸ்கோ, இர்விங் பக்கம் குடியிருக்கும் நம்மவர்கள் ஒவ்வொரு வசந்த காலத்திலும் என்னிடம் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் வானிலை விஞ்ஞானி இல்லை. அமெரிக்கத் தேசிய வானிலை சேவை நடத்தும் ஸ்பாட்டர் வகுப்பில் படித்துவிட்டு, வடக்கு டெக்சாஸில் என் வீட்டுக்கு மேலே வரும் மேகங்களைப் பார்த்துத் தகவல் சொல்லும் தன்னார்வலன். கேட்பவர்களில் நிறையப் பேருக்குக் காரை எடுத்துக்கொண்டு துரத்தப் போக ஆசை. அதைப் பற்றியும் கீழே எழுதியிருக்கிறேன். ஆனால் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இடிமேகத்தின் எந்தப் பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்த ஒருவர், ஒளிய இடம் பத்தடி தூரத்தில் இருக்கும்போது, தன் வீட்டிலிருந்தே பார்த்துச் சொல்வதுதான் ஊருக்கு அதிகம் உதவும்.

நம்ம ஊர்ப் புயல் மாதிரிதானே இதுவும்?

இல்லை. தானே, கஜா போன்ற புயல்கள் கடலில் உருவாகி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலத்தில், நாள்கணக்கில் நகர்ந்து கரைக்கு வருபவை. டொர்னாடோ ஓர் இடிமேகத்தின் அடியிலிருந்து இறங்குவது. அகலம் பெரும்பாலும் சில நூறு மீட்டருக்குள் இருக்கும். பல டொர்னாடோக்கள் பத்து நிமிடம்கூடத் தாங்குவதில்லை. தெருவின் ஒரு பக்கத்து வீடுகள் இடிந்து கிடக்க, எதிர்ப்பக்கம் வேலிகூடச் சாயாமல் நிற்பதுண்டு. அதனால் எந்தத் தெருவுக்கு வரும் என்று முதல் நாளே யாராலும் சொல்ல முடியாது.

அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 1,200 டொர்னாடோக்கள் பதிவாகின்றன. பெரும்பாலானவை பலவீனமானவை. ஆனால் வரலாற்றிலேயே அதிகம் பேரைக் கொன்றதாகச் சொல்லப்படும் டொர்னாடோ வந்தது வங்கதேசத்தில். 1989 ஏப்ரல் 26 அன்று தௌலத்பூர், சதூரியா பகுதிகளில் சுமார் 1,300 பேர் இறந்தார்கள்.

ஏன் டெக்சாஸ், ஓக்லஹோமா, கன்சாஸ் பக்கம் இவ்வளவு வருகிறது?

மெக்சிகோ வளைகுடாவிலிருந்து சூடான ஈரக்காற்று தரையோடு வடக்கே ஏறி வருகிறது. மேற்கே உயர்நிலப் பாலைப் பகுதியிலிருந்து வறண்ட காற்று வருகிறது. இரண்டும் சந்திக்கும் எல்லையை இங்கே 'ட்ரைலைன்' என்பார்கள். வசந்த காலப் பிற்பகல்களில் மேற்கு டெக்சாஸில் இந்தக் கோட்டை ஒட்டித்தான் இடிமேகங்கள் அடிக்கடி கிளம்பும்.

ஈரமும் சூடும் மட்டும் இருந்தால் சாதாரண இடிமழையோடு முடிந்துவிடும். தரையில் காற்று தென்கிழக்கிலிருந்து வீச, சில கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து மிக வேகமாக வீசினால்தான் வினை. உயரத்துக்கு உயரம் காற்றின் திசையும் வேகமும் இப்படி மாறும்போது, நடுவிலுள்ள காற்று கிடைவாட்டில் உருள ஆரம்பிக்கிறது. மேலே ஏறும் காற்று அந்த உருளலைத் தூக்கி நிமிர்த்திவிடுகிறது. அப்புறம் மேகமே மொத்தமாகச் சுழலும். அதற்குப் பெயர் சூப்பர்செல். மோசமான டொர்னாடோக்கள் பெரும்பாலும் சூப்பர்செல்லிலிருந்துதான் வருகின்றன. அதே சமயம், எல்லா சூப்பர்செல்லும் டொர்னாடோ போடுவதில்லை.

வட டெக்சாஸில் ஏப்ரலும் மேயும் உச்சம், அதிலும் பிற்பகல் 4 மணியிலிருந்து இரவு 9 மணி வரை. இதை நம்பி மற்ற மாதங்களில் அசந்துவிட வேண்டாம். 2015 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் மாலை, டாலஸை ஒட்டிய கார்லண்ட், ரவுலெட் பகுதிகளை ஒரு EF4 டொர்னாடோ (EF என்பது 0 முதல் 5 வரையான சேத அளவுகோல், கடைசியில் விளக்கியிருக்கிறேன்) தாக்கியது. 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் நெடுஞ்சாலைச் சந்திப்பில் கார்களில் இருந்தவர்கள்.

வாட்ச், வார்னிங் என்று மாறி மாறி வருகிறதே, என்ன வித்தியாசம்?

டொர்னாடோ வாட்ச் என்றால் சூழ்நிலை கூடி வந்திருக்கிறது என்று பொருள். ஓக்லஹோமாவின் நார்மன் நகரில் உள்ள புயல் முன்கணிப்பு மையம் பல கவுண்டிகளுக்கு (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) சேர்த்து, பல மணி நேரத்துக்கு இதை வெளியிடும். போனைச் சார்ஜ் போடுங்கள், குழந்தைகளின் ஷூவை எடுத்து வையுங்கள், வெளி வேலையைச் சுருக்கிக்கொள்ளுங்கள்.

டொர்னாடோ வார்னிங் என்றால் ஒளிய வேண்டிய நேரம். ரேடாரில் பலமான சுழற்சி தெரிந்திருக்கும், அல்லது யாரோ கண்ணால் பார்த்திருப்பார்கள். உள்ளூர் வானிலை அலுவலகம் வரைபடத்தில் கட்டம் கட்டிக் கொடுக்கும். கைப்பேசி கத்துவது இதற்குத்தான். கையில் இருப்பது சில நிமிடங்கள்.

ரேடார் இருக்கும்போது என் கண் எதற்கு?

நல்ல கேள்வி. ஸ்பாட்டர் வேலையின் நியாயமே இதில்தான் இருக்கிறது.

ரேடார் கற்றை நேர்கோட்டில் போகும், பூமியோ வளைந்தது. தவிர, மிகத் தாழ்ந்த கற்றையும் அரை டிகிரி மேல்நோக்கித்தான் கிளம்புகிறது. இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், ரேடாரிலிருந்து 100 கிலோமீட்டர் தள்ளி அந்தக் கற்றை தரையிலிருந்து சுமார் ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் போய்க்கொண்டிருக்கும். மேகத்துக்குள் சுழற்சி இருப்பது அதற்குத் தெரியும். மேகத்தின் அடிக்கும் தரைக்கும் நடுவே என்ன நடக்கிறது என்பது தெரியாது. கொல்வதும் இடிப்பதும் அந்தக் கடைசி ஒரு கிலோமீட்டரில்தான்.

இன்னொரு சிக்கல் நேரம். உங்கள் செயலியில் தெரியும் ரேடார் படம் சில நிமிடங்கள் பழையது. மணிக்கு 40 மைல் வேகத்தில் நகரும் மேகம் அதற்குள் இரண்டு மூன்று மைல் நகர்ந்திருக்கும்.

ரேடாரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. 1953-இல் இல்லினாயில் முதன்முதலாக ரேடார் திரையில் டொர்னாடோவின் அடையாளமான கொக்கி வடிவ எதிரொலி பதிவானதும், 1973-இல் ஓக்லஹோமாவின் யூனியன் சிட்டி டொர்னாடோவை, காற்றின் வேகத்தையும் காட்டும் டாப்ளர் ரேடாராலும் களத்தில் நின்ற குழுவாலும் ஒரே நேரத்தில் கவனிக்க முடிந்ததும் இந்தத் துறையையே மாற்றிய நிகழ்வுகள். இன்று டொர்னாடோ கிளப்பிய இடிபாடுகளைக்கூட ரேடார் இனம் காண்கிறது. ஆனால் இடிபாடு ரேடாரில் தெரிகிறது என்றால், யாரோ ஒருவர் வீட்டில் ஏற்கெனவே அடி விழுந்துவிட்டது. அதற்கு முன்னால் "சுவர் மேகம் சுழல்கிறது, தரையில் தூசி கிளம்புகிறது" என்று ஒரு ஆள் சொன்னால் (சுவர் மேகம் என்பது இடிமேகத்தின் அடியிலிருந்து கீழே இறங்கி நிற்கும் கட்டி), எச்சரிக்கை கொடுப்பவர் தயங்காமல் கொடுக்க முடியும். டொர்னாடோ எச்சரிக்கைகளில் பாதிக்கு மேல் பொய்த்துப்போகின்றன என்பது நினைவிருக்கட்டும். கண்ணால் பார்த்து உறுதி செய்த தகவல் வரும்போது எச்சரிக்கையின் வாசகமே மாறும், மக்களும் நம்புவார்கள்.

ஸ்பாட்டர், சேசர் இருவரும் ஒன்றா?

இல்லை. ஸ்பாட்டர் தன் ஊரில் நின்று, வருவதைப் பார்த்துச் சொல்பவர். சேசர் மேகத்தைத் தேடி நூற்றுக்கணக்கான மைல் ஓட்டுபவர். வட டகோட்டாவின் பிஸ்மார்க்கைச் சேர்ந்த டேவிட் ஹோட்லி 1956-இலிருந்தே மேகங்களைத் துரத்தியவர். இந்தப் பொழுதுபோக்கின் முன்னோடி என்று எல்லாரும் ஏற்றுக்கொள்ளும் பெயர். 1977-இல் துரத்துபவர்களுக்காக ஒரு செய்தி மடலும் தொடங்கினார். அன்று சேசர்கள் விரல்விட்டு எண்ணும் அளவு. இன்று நல்ல மே மாதப் பிற்பகலில் ஓக்லஹோமாவின் கிராமச் சாலைகளில் போக்குவரத்து நெரிசலே வந்துவிடுகிறது.

ஸ்பாட்டர் ஆக என்ன தகுதி வேண்டும்?

ஆர்வம் இருந்தால் போதும். திட்டத்தின் பெயர் ஸ்கைவார்ன். வகுப்பு இலவசம், சுமார் இரண்டு மணி நேரம். குளிர்காலத்திலும் வசந்தத் தொடக்கத்திலும் நூலகங்களிலும் நகராட்சிக் கட்டடங்களிலும் நடக்கும், இணையவழியாகவும் உண்டு. உங்கள் பகுதி வானிலை அலுவலகத்தின் தளத்தில் அட்டவணை இருக்கும். டாலஸ் பகுதிக்கு ஃபோர்ட் வொர்த் அலுவலகம். நாடு முழுவதும் 3,50,000-க்கும் மேற்பட்டவர்கள் இந்தப் பயிற்சி பெற்றிருக்கிறார்கள்.

விருப்பம் இருந்தால் ஹாம் ரேடியோ, அதாவது தனியார் ஆர்வலர்கள் பேசிக்கொள்ளும் வானொலிக்கான உரிமமும் வாங்கிக்கொள்ளலாம். குடியுரிமை அவசியம் இல்லை. முதல் நிலைத் தேர்வில் 35 கேள்விகள், 26 சரியாக இருந்தால் தேர்ச்சி. செல்போன் கோபுரம் சாய்ந்த பிறகும் இந்த அலைவரிசைகள் வேலை செய்யும். பல கவுண்டிகளில் ஸ்பாட்டர்களின் தகவல் வானிலை அலுவலகத்துக்குப் போய்ச் சேர்வது ஹாம் ரேடியோ வழியாகத்தான்.

கொல்லைப்புறத்தில் நிற்கிறேன். மேற்கே கறுத்து வருகிறது. எங்கே பார்ப்பது?

முதலில் திசை. இங்கே இடிமேகங்கள் பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வடகிழக்காக, அல்லது மேற்கிலிருந்து கிழக்காகப் போகும். சூப்பர்செல்லில் கனமழையும் ஆலங்கட்டியும் முன்பக்கமாக, அதாவது வடக்கு, வடகிழக்கில் விழும். டொர்னாடோ வரக்கூடிய இடம் பின்பக்கம், தென்மேற்கு மூலையில், மழை இல்லாத ஒரு தட்டையான கறுப்பு அடிப்பாகம். மின்னல் வெட்டும் பக்கத்தையும் மழைத்திரையையும் பார்த்துக்கொண்டு நிற்பவர் தவறான இடத்தைப் பார்க்கிறார்.

அந்தக் கறுப்பு அடிப்பாகத்திலிருந்து ஒரு கட்டி கீழே இறங்கி நிற்கும். அதுதான் சுவர் மேகம். கையளவு தெரிந்தாலும் குறுக்களவு ஒன்றிரண்டு மைல் இருக்கலாம். உற்றுப் பார்த்தால் அதன் விளிம்புக் கிழிசல்கள் மேல்நோக்கி ஏறுவது தெரியும். தென்கிழக்கிலிருந்து சூடான, பிசுபிசுத்த காற்று உங்கள் முதுகைத் தள்ளிக்கொண்டு அதை நோக்கிப் போகும். மரக்கிளைகள் எல்லாம் அந்தப் பக்கமே சாயும். மேகம் காற்றைக் குடிக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். அந்தக் காற்று திடீரென்று திரும்பி, உங்கள் முகத்தில் சில்லென்று அடித்தால், மழையால் குளிர்ந்த காற்று வெளியே வந்துவிட்டது.

இதோடு குழப்பிக்கொள்ளும் இன்னொன்று தட்டு மேகம். ஆங்கிலத்தில் ஷெல்ஃப் கிளவுட். அடிவானம் முழுக்க ஒரு நீண்ட கறுப்பு வளைவாக உருண்டு வரும். பார்க்கப் பயங்கரம், வாட்ஸ்அப்பில் டொர்னாடோ என்று சுற்றும் படங்களில் நிறைய இதுதான். அது மழைக்கு முன்னால் வரும், மழையிலிருந்து விலகிச் சாய்ந்திருக்கும், குளிர்ந்த காற்றைக் கூடவே கொண்டுவரும். சுவர் மேகம் மழைக்குப் பின்பக்கம் இருக்கும், மழையை நோக்கிச் சாய்ந்திருக்கும், சூடான காற்றை உள்ளே இழுக்கும். தட்டு மேகமும் மரத்தைச் சாய்க்கும் அளவு நேர்க்காற்றைக் கொண்டு வரலாம். அதனால் டொர்னாடோ இல்லை என்று தெரிந்த பிறகும் உள்ளே போக வேண்டும்.

மூன்றாவது, தாழ்வாகத் தொங்கும் கிழிந்த மேகத் துண்டுகள். கூம்பு மாதிரியே கூர்மையாக இருக்கும். ஒரு நிமிடம் பார்த்தால் உருவம் மாறிக் கலைந்துவிடும்.

சுழல்கிறதா இல்லையா என்று எப்படி உறுதியாகச் சொல்வது?

மேகம் நகர்வது வேறு, சுழல்வது வேறு. அசையாத ஒன்றை, தெருவிளக்குக் கம்பத்தையோ கூரை முனையையோ, அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சுவர் மேகத்தின் முன்பக்கத்தில் ஒரு துண்டைப் பிடித்து, அரை நிமிடம் கண்ணை எடுக்காமல் பாருங்கள். வட அரைக்கோளத்தில் இவை பெரும்பாலும் மேலிருந்து பார்த்தால் இடஞ்சுழியாகச் சுற்றும். ஆகவே உங்களுக்கு அருகிலுள்ள பக்கம் இடமிருந்து வலமாகவும், தூரப் பக்கம் வலமிருந்து இடமாகவும் போகும். குயவர் சக்கரத்தைப் பக்கவாட்டில் குனிந்து பார்ப்பது போல. முன்பக்கமும் பின்பக்கமும் எதிரெதிராகப் போனால் அது சுழற்சி. எல்லாம் ஒரே திசையில் போனால் வெறும் நகர்வு.

பத்து நிமிடத்துக்கு மேல் கலையாமல் நின்று, ஒரே இடத்தைச் சுற்றிச் சுழன்றால் மிகவும் கவனம் தேவை. அதன் பக்கத்தில் மேகம் திடீரென்று வெட்டியெடுத்த மாதிரி விலகி வெளிச்சம் தெரிந்தால், மேலிருந்து இறங்கும் வறண்ட காற்று சுழற்சியைச் சுற்றி வருகிறது. டொர்னாடோவுக்குச் சற்று முன்பு அடிக்கடி காணப்படும் காட்சி அது. அப்போது தரையைப் பாருங்கள். புனல் வடிவ மேகம் முழுவதும் இறங்கியிருக்காது. ஆனால் கீழே தூசியோ இலைதழையோ சுற்ற ஆரம்பித்திருந்தால் டொர்னாடோ தரையைத் தொட்டுவிட்டது.

புனல் அசையாமல் அங்கேயே நிற்கிறது. போய்விடும்தானே?

இடமோ வலமோ நகராமல், பார்க்கப் பார்க்கப் பெரிதாகிறது என்றால் உங்களை நோக்கி வருகிறது. உடனே உள்ளே போங்கள்.

மழையும் ஆலங்கட்டியும் நின்றுவிட்டன. வெளியே வரலாமா?

கூடாது. மேகத்தின் அமைப்பை மறுபடி யோசித்துப் பாருங்கள். அது உங்கள் தலைக்கு மேலே கடக்கிறது என்றால் முதலில் மழை, பிறகு ஆலங்கட்டி, அதற்குப் பின்னால்தான் அந்தத் தென்மேற்கு மூலை. ஆலங்கட்டி சட்டென்று நின்று காற்று அடங்கும் நேரத்தில் நிறையப் பேர் கார் கண்ணாடி உடைந்ததா என்று பார்க்க வெளியே வருகிறார்கள். வரக்கூடாத நேரம் அதுதான். வார்னிங் முடிந்ததாக அறிவிப்பு வரும்வரை உள்ளேயே இருங்கள்.

பார்த்துவிட்டேன். யாரிடம், என்ன சொல்ல வேண்டும்?

முதலில் நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்களா என்று பாருங்கள். பிறகு வானிலை அலுவலகத்தின் ஸ்பாட்டர் எண், அலுவலகத் தளத்திலுள்ள தகவல் படிவம், ஹாம் ரேடியோ, எது கிடைக்கிறதோ அது. உயிராபத்து என்றால் 911. சொல்ல வேண்டியவை நான்கே நான்கு: எதைப் பார்த்தீர்கள், எப்போது, நீங்கள் எங்கே நிற்கிறீர்கள், அது எந்தத் திசையில் எவ்வளவு தூரம். "எங்கள் வீட்டுக்குப் பின்னால் பெரிய புயல்" என்றால் யாருக்கும் பயனில்லை. "மாலை 6:42, இந்த இரண்டு சாலைகளின் சந்திப்பில் நிற்கிறேன், மேற்கே சுமார் 3 மைலில் சுழலும் சுவர் மேகம், தரையில் தூசி இல்லை" என்றால் முன்கணிப்பாளர் அதை ரேடாரோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வார்.

தூசி இல்லை என்று சொல்வதும் தகவல்தான். அடுத்தவர் அனுப்பிய படத்தைத் திருப்பி அனுப்ப வேண்டாம்; போன வருடப் படம் இன்றைய எச்சரிக்கையைக் குழப்பும்.

ஆலங்கட்டியையும் சொல்ல வேண்டுமா?

ஆம். ஒரு அங்குலம், அதாவது 25 சென்ட் நாணயம் அளவு இருந்தாலே கடும் இடிமழை எச்சரிக்கைக்கான வரம்பு வந்துவிடுகிறது. காற்றுக்கு வரம்பு மணிக்கு 58 மைல். கால்ஃப் பந்து 1.75 அங்குலம், பேஸ்பால் 2.75 அங்குலம். கோலிக்குண்டு என்று சொல்லாதீர்கள், கோலி பல அளவில் இருக்கிறது. விழுந்துகொண்டிருக்கும்போது பொறுக்க ஓடவும் வேண்டாம்.

இரவில் எப்படிப் பார்ப்பது?

பார்க்க முயலாதீர்கள். மின்னல் வெளிச்சத்தில் ஒரு நொடி உருவம் தெரியலாம். மின்கம்பிகள் அறுபடும்போது தரையோரம் நீலப்பச்சை ஒளி வெட்டும். இரண்டையும் நம்பி நிற்கும் அளவு நேரம் இருக்காது. 2019 அக்டோபர் 20 அன்று வடக்கு டாலஸ் வழியாக ரிச்சர்ட்சன் வரை சுமார் 15 மைல் தூரம் போன EF3 டொர்னாடோ, இரவு 9 மணி வாக்கில் வந்தது. வீடுகளும் பள்ளிகளும் கடைகளும் நொறுங்கின; ஒருவர்கூட இறக்கவில்லை. 2021 டிசம்பர் 10 இரவு கென்டக்கி மாநிலத்தின் மேஃபீல்ட் நகரை ஒரு டொர்னாடோ தாக்கியபோது அப்படித் தப்ப முடியவில்லை; அந்த ஒரே டொர்னாடோவில் 57 பேர் இறந்தார்கள். இரவில் உங்களுக்கு வேண்டியது எழுப்பிவிடும் ஒரு கருவி. பேட்டரியில் ஓடும் வானிலை வானொலி ஒன்றை வாங்கிப் படுக்கை அருகே வையுங்கள். கைப்பேசியில் அவசர எச்சரிக்கையை அணைத்து வைத்திருந்தால் இன்றே போடுங்கள்.

ஊரின் எச்சரிக்கைச் சைரன் வீட்டுக்குள் கேட்பதே இல்லை. பழுதா?

பழுது இல்லை. அது வெளியே இருப்பவர்களுக்காக வைத்தது. டாலஸில் மாதத்தின் முதல் புதன்கிழமை மதியம் 12 மணிக்குச் சோதித்துப் பார்ப்பார்கள். அன்று கேட்டால் பதற வேண்டாம்.

பேஸ்மென்ட் இல்லை. எங்கே ஒளிவது?

இங்கே வீடுகளில் அநேகமாக யாருக்கும் இல்லை. மிகக் கீழ்த் தளம், வீட்டின் நடுப்பகுதி, ஜன்னல் இல்லாத சின்ன அறை. மாடிப்படிக்குக் கீழுள்ள அலமாரி அறை, உள் குளியலறை, நடைவழி எதுவானாலும் சரி. உங்களுக்கும் வெளியுலகுக்கும் நடுவே எத்தனை சுவர் வைக்க முடியுமோ அத்தனை வையுங்கள். கராஜ் வேண்டாம், அதன் பெரிய கதவுதான் முதலில் போகும்.

இரண்டாவது, மூன்றாவது மாடி அபார்ட்மென்ட்டில் இருப்பவர்கள் கீழ்த்தளத்துக் குடும்பத்தோடு இப்போதே பேசி வையுங்கள். நள்ளிரவில் கதவைத் தட்டினால் திறக்க வேண்டும் அல்லவா? குழந்தைகளின் சைக்கிள் ஹெல்மெட்டை அந்த அறையிலேயே மாட்டி வையுங்கள், தலையில் அடிபடுவதுதான் பெரிய ஆபத்து. எல்லாரும் மூடிய ஷூ போட்டுக்கொள்ளுங்கள். முடிந்த பிறகு வீடெங்கும் கண்ணாடியும் ஆணியுமாகக் கிடக்கும். பாஸ்போர்ட், விசா காகிதங்கள் ஒரே பையில் இருப்பது நல்லது. அந்தப் பையைத் தேட நேரம் செலவழிப்பது நல்லதல்ல.

மொபைல் ஹோமில், அதாவது அஸ்திவாரம் இல்லாத இடம் மாற்றக்கூடிய வீட்டில் இருந்தால் எந்த அறையும் பாதுகாப்பு இல்லை. வாட்ச் வந்ததுமே உறுதியான கட்டடத்துக்குப் போய்விடுங்கள்.

காரில் போகும்போது வந்துவிட்டால் மேம்பாலத்துக்கு அடியில் நிற்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். 1991-இல் கன்சாஸ் நெடுஞ்சாலையில் ஒரு படக்குழு மேம்பாலத்தின் அடியில் ஒதுங்கித் தப்பிய காணொளி உலகம் முழுக்கச் சுற்றியது. அதைப் பார்த்தவர்கள் அதுதான் வழி என்று நினைத்தார்கள். 1999 மே 3 அன்று ஓக்லஹோமாவில் மேம்பாலங்களின் அடியில் ஒதுங்கியவர்களில் மூன்று பேர் இறந்தார்கள், பலருக்குப் படுகாயம். பாலத்தின் அடியில் காற்று ஒடுங்கி இன்னும் வேகம் எடுக்கும், இடிபாடும் அதன் வழியாகவே பாயும். போதாததற்கு நின்ற கார்கள் சாலையை அடைத்துப் பின்னால் வருபவர்களையும் மாட்டிவிடும்.

தூரத்தில் தெரிகிறது, சாலை காலியாக இருக்கிறது என்றால் அதன் பாதைக்குச் செங்குத்தாக விலகிப் போங்கள். உறுதியான கட்டடம் கண்ணில் பட்டால் அதற்குள் போங்கள். இரண்டும் முடியாவிட்டால் சீட் பெல்ட்டோடு ஜன்னல் மட்டத்துக்குக் கீழே தலையைக் குனிந்து மூடிக்கொள்வது, அல்லது சாலை மட்டத்தைவிடத் தெளிவாகத் தாழ்ந்த பள்ளத்தில் படுப்பது. இரண்டுமே வேறு வழியில்லாதபோது மட்டும்.

ஜன்னலைத் திறந்து வைத்தால் வீடு வெடிக்காது என்கிறார்களே? பச்சை வானம் என்றால் டொர்னாடோ உறுதியா? நகர மையத்துக்கு வராதாமே?

ஜன்னல் விஷயம் பழைய நம்பிக்கை. வீட்டை இடிப்பது காற்றும் பறந்து வரும் பொருளும்தான், அதனால் ஜன்னலை விட்டுவிட்டு ஒளியப் போங்கள். பச்சை நிறம் பெரிய, ஈரம் நிறைந்த இடிமேகத்தைக் காட்டும், அவ்வளவுதான். நகர மையத்துக்கும் வரும்: 2000 மார்ச் 28 அன்று ஃபோர்ட் வொர்த் நகர மையத்துக்குள்ளேயே வந்து கண்ணாடிக் கோபுரங்களை உடைத்தது.

சரி, துரத்திப் போக ஆசையாக இருக்கிறது. போகலாமா?

உரிமம் எதுவும் தேவையில்லை. யாரும் தடுக்க மாட்டார்கள். அதனால்தான் விரிவாகச் சொல்கிறேன்.

டிம் சமாரஸ் என்ற பொறியாளர் டொர்னாடோவின் பாதையில் அளவுக் கருவிகளை வைப்பதில் உலகப் புகழ் பெற்றவர். 2003 ஜூன் 24 அன்று தெற்கு டகோட்டாவின் மான்செஸ்டர் என்ற சிற்றூரில் அவர் வைத்த கருவியின் மேல் டொர்னாடோ கடந்தபோது, காற்றழுத்தம் 100 மில்லிபார் விழுந்ததைப் பதிவு செய்தார். கவனமானவர் என்று சக சேசர்களிடம் பெயரெடுத்தவர். 2013 மே 31 அன்று ஓக்லஹோமாவின் எல் ரெனோ அருகே அவரும், மகன் பால் சமாரஸும், கூட்டாளி கார்ல் யங்கும் காரிலேயே இறந்தார்கள். அந்த டொர்னாடோ சில நிமிடங்களில் 2.6 மைல் அகலத்துக்கு விரிந்தது. பதிவானவற்றில் மிக அகலமானது அதுதான். போய்க்கொண்டிருந்த திசையை விட்டு வடக்கே திரும்பி வேகமெடுத்தது. மழைத்திரை அதை மூடியிருந்ததால் எது டொர்னாடோ, எது மழை என்று அருகிலிருந்தவர்களுக்கே தெரியவில்லை. அந்த டொர்னாடோவில் இறந்த எட்டு பேரும் வாகனங்களில் இருந்தவர்கள். அது வரைக்கும் சேசர் எவரும் டொர்னாடோவில் இறந்ததில்லை. இத்தனை அனுபவம் இருந்தவருக்கே தப்ப நேரம் கிடைக்கவில்லை என்பதை, போன வாரம் ரேடார் செயலி வாங்கியவர் நினைத்துப் பார்க்க வேண்டும்.

டொர்னாடோவைவிடச் சாலைதான் இதில் பெரிய ஆபத்து. 2022 ஏப்ரலில் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தின் வானிலையியல் மாணவர்கள் மூவர், கன்சாஸில் மேகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில், ஈரச் சாலையில் கார் வழுக்கி விபத்தில் இறந்தார்கள். வேகம், தூக்கமின்மை, ஓட்டிக்கொண்டே திரையைப் பார்ப்பது, மழையில் சேறாகும் மண் சாலைகள், மின்னல். இவை எல்லாப் பயணத்திலும் உண்டு.

ஆசை அடங்கவில்லை என்றால், அனுபவமுள்ள சேசரோடு போங்கள், அல்லது நல்ல பெயருள்ள சுற்றுலா வேனில் போங்கள். ஓட்டுபவர் ஓட்ட மட்டும் செய்யட்டும். மேகத்தின் தென்கிழக்கில் நில்லுங்கள். தெற்கே போக ஒரு தார்ச் சாலை எப்போதும் திறந்திருக்க வேண்டும். கனமழைக்குள் புகுந்து மறுபக்கம் போகலாம் என்று எண்ணவே வேண்டாம். இருட்டியதும் திரும்பிவிடுங்கள். பெருநகரத்துக்குள் துரத்த வேண்டாம், சிவப்பு விளக்கில் மாட்டிக்கொள்வீர்கள். டொர்னாடோ அடித்த ஊரை முதலில் அடைந்துவிட்டால் கேமராவை வைத்துவிட்டு உதவுங்கள், இல்லையென்றால் ஆம்புலன்ஸுக்கு வழிவிட்டு விலகுங்கள்.

EF1, EF3 என்பதெல்லாம் காற்றின் வேகமா?

நேரடியாக இல்லை. டொர்னாடோ போன பிறகு எது எப்படி உடைந்திருக்கிறது என்று பார்த்து, அதற்கு எவ்வளவு காற்று தேவைப்பட்டிருக்கும் என்று கணிப்பார்கள். EF0 மணிக்கு 65 மைலில் தொடங்கும், EF3 136-இலிருந்து 165 வரை, EF5 200-க்கு மேல். மூல அளவுகோலை 1971-இல் உருவாக்கியவர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் டெட்சுயா ஃபுஜிட்டா. ஜப்பானில் பிறந்தவர், இளைஞராக நாகசாகி அணுகுண்டு இடிபாடுகளை ஆராய்ந்தவர். விழுந்த மரங்களின் திசையைப் படித்துக் காற்றைக் கண்டறியும் அவருடைய கண் அங்கே பழகியது. இப்போதைய திருத்திய வடிவம் 2007-இலிருந்து. உடைக்கப் பெரிதாக எதுவும் இல்லாத வயல்வெளியில் போனதால் எல் ரெனோ டொர்னாடோவுக்கு EF3 மட்டுமே கிடைத்தது. நகரும் ரேடார்கள் அதைவிட மிக வேகமான காற்றை அதில் அளந்திருந்தன.

ஊரிலிருந்து அப்பா அம்மா மே மாதம் வருகிறார்கள். அவர்களுக்கு என்ன சொல்லி வைப்பது?

நீங்கள் அலுவலகத்தில் இருக்கும்போது வரலாம் என்று நினைத்துத் தயார் செய்யுங்கள். எந்த அறை என்று கையைப் பிடித்து அழைத்துப் போய்க் காட்டுங்கள். எச்சரிக்கை வரும்போது போன் எழுப்பும் அந்த ஓசையை ஒருமுறை கேட்க வையுங்கள். ஆங்கிலம் படிக்காதவர்கள் என்றால், அந்த ஓசை கேட்டதும் அறைக்குள் போய்விட்டு உங்களைக் கூப்பிடச் சொல்லுங்கள், கூப்பிட்ட பிறகு போவது அல்ல. அடுப்பை அணைத்துவிட்டுத்தான் போக வேண்டும், வாசல் கதவைத் திறந்து வானத்தைப் பார்க்கக் கூடாது. முழங்கால் வலி உள்ளவருக்கு அந்த அறையில் ஒரு சின்ன முக்காலி போட்டு வையுங்கள். தரையில் உட்கார முடியாது என்பதாலேயே சில பெரியவர்கள் போக மாட்டேன் என்பார்கள்.

வந்து போய்விட்டது. இனி?

சமையல் எரிவாயு வாசனை வந்தால் விளக்குப் போடாமல், தீக்குச்சி கிழிக்காமல் வெளியேறி, தூரத்தில் நின்று கூப்பிடுங்கள். அறுந்த மின்கம்பி எதையும் உயிருள்ளதாகவே நினையுங்கள். பக்கத்து வீட்டு முதியவரைப் போய்ப் பாருங்கள். அப்புறம் சேதத்தையும் நேரத்தையும் வானிலை அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். மறுநாள் கள ஆய்வுக் குழு எங்கே தொடங்க வேண்டும் என்று முடிவு செய்ய அந்தத் தகவல் உதவும். மரம் எந்தத் திசையில் விழுந்திருக்கிறது என்று படம் எடுத்துவிட்டு, அதன்பின் வெட்ட ஆள் கூப்பிடுங்கள்.